திறக்காத சிப்பியும் மூக்குச்சங்கும்

1961ஆம் வருஷத்து முத்துக்குளிப்பின்போது எனக்கு ஒன்பது வயது. அதுதான் தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. 1955லிருந்து தொடர்ந்து நடந்து வந்ததால், அடுத்த வருஷமும் பங்குனி பிறந்தால் தோணிகள் முத்துப்பாருக்குப் போகும் என்றுதான் ஊர் நம்பிக்கொண்டிருந்தது. கரையில் கொட்டகை போட்டிருந்தார்கள். அழுகும் சிப்பியின் வாடை கடற்கரைச் சாலையைத் தாண்டி எங்கள் தெருவுக்குள் வந்துவிடும். அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டே சமைப்பாள். தெருப் பையன்களுக்கு அந்த நாற்றம் வந்துவிட்டால் பள்ளிக்கூடத்தில் கால் தரிக்காது.

தோணிகள் நடுச்சாமத்துக்கு மேல் கரைக்காற்றில் புறப்பட்டுப் போகும். மத்தியானம் கடல்காற்று எழுந்ததும் திரும்பும். இறங்கிய சிப்பியை எண்ணிக் குவியல் குவியலாகப் பிரிப்பார்கள். பழைய வழக்கப்படி மூன்றில் ஒரு பங்கு குளித்தவர்களுக்கு, மீதி சர்க்காருக்கு. சர்க்கார் பங்கை ஆயிரம் சிப்பி இன்ன விலை என்று ஏலம் விடுவார்கள். குளிகாரர்களோ தங்கள் பங்கைக் கொட்டகைக்கு வெளியே கொண்டுவந்து ஐந்து, பத்து என்று சில்லறைக்குக் கொடுப்பார்கள். அந்த இடத்தில்தான் உண்மையான கூட்டம். வண்டிக்காரர், உப்பளத்துக் கூலிகள், பஞ்சாலை வேலை முடிந்து வந்தவர்கள், எங்கள் கணக்கு வாத்தியார்கூட அங்கே குத்தவைத்து உட்கார்ந்து பேனாக்கத்தியால் சிப்பியைப் பிளந்துகொண்டிருப்பார்.

தாத்தா எனக்கு நாலணா கொடுத்தார். நயா பைசா வந்து நாலு வருஷம் ஆகியும் ஊரில் அது நாலணாதான். ஐந்து சிப்பி வாங்கினேன். ஐந்திலும் சதைதான். பக்கத்தில் இருந்த ஒருவருக்குக் கொத்தமல்லி விதையளவில் ஒன்று கிடைத்தது. அவர் கையைச் சுற்றிப் பத்துத் தலை குவிந்தன. அதை அவருக்கு விற்ற குளிகாரரும் எட்டிப் பார்த்தார். தன் கையைவிட்டுப் போன பொருள் என்ற வருத்தம் அவர் முகத்தில் துளியும் இல்லை. “யோகக்காரரு” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குச் சிப்பி எண்ணப் போய்விட்டார்.

தாத்தா வக்கீல் குமாஸ்தா. எதையும் வாதி, பிரதிவாதி என்று பிரித்துப் பார்க்காமல் அவருக்குச் சோறு இறங்காது. வீட்டுக்கு நடக்கும்போது சொன்னார்: “ஏலே, வித்தவனுக்கும் உள்ள என்ன இருக்குன்னு தெரியாது. வாங்குனவனுக்கும் தெரியாது. இதுல கேஸு நிக்காது.” அப்போது எனக்கு அது புரியவில்லை, என் ஐந்து சிப்பியிலும் ஒன்றுமில்லை என்பதுதான் பெரிய வழக்காக இருந்தது.

சிப்பியைத் திறந்து முத்தை எடுத்த பிறகு வியாபாரம் வேறு மாதிரி ஆகிவிடும். பெரிய வியாபாரிகளின் வாடகை வீடுகளில் ஜமுக்காளத்தின் மேல் வெள்ளைத் துணி விரித்திருக்கும். பித்தளைச் சல்லடைகள் கிண்ணம் கிண்ணமாக ஒன்றுக்குள் ஒன்று. இருபது துளை உள்ளதிலிருந்து ஆயிரம் துளை உள்ளது வரைக்கும் வரிசை. முத்தைக் கொட்டி ஆட்டினால் பருமன் பார்த்து ஒவ்வொன்றிலும் தங்கும். பிறகு கண்ணால் பார்த்துத் தரம் பிரிப்பார்கள்: ஆணி, அணதாரி, மசங்கு, கலிப்பு, குறுவல், தூள். நல்ல முத்துக்கு எடை இரட்டித்தால் விலை இரட்டிக்காது, நான்கு மடங்காகும். இந்தக் கணக்கு ஒரு தலைமுறை உட்கார்ந்து பழகினால்தான் கைக்கு வரும். பேரம் பேசும்போது இருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை சொல்வார்கள். எட்டையபுரம் பக்கத்து மாட்டுச் சந்தையில் தரகர்கள் செய்கிற அதே விரல் பாஷை. சுற்றி இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் துண்டுக்குள் இருக்கும் இரண்டு கைகளுக்கும் எல்லாம் தெரியும். இரண்டு பேரும் சூரர்கள். யாருக்காகவும் பரிதாபப்பட வேண்டியதில்லை.

மூன்றாவது வகை வியாபாரத்தைப் பார்த்தது என் தாய்மாமா கடையில். அதற்கு முத்துக்குளிப்பு முடிந்து மூன்று நான்கு வருஷம் போக வேண்டியிருந்தது.

மாமாவின் கடை பழைய துறைமுகத்துக்குப் போகிற சந்து ஒன்றில் இருந்தது. முன்பக்கம் ஒரு கண்ணாடி அலமாரி, பின்னால் ஒரு முற்றம். அப்போது புதுத் துறைமுகம் வரவில்லை. அது பெருந்துறைமுகமானது 1974இல்தான். கப்பல்கள் மைல்கணக்கில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கைத் தோணியில் ஏற்றி இறக்குவார்கள். கரைக்கு வருகிற கப்பல்காரர்கள் கண்ணில் படும்படி மாமா சோழி, முட்சங்கு, பவளக்கிளை, பாலிஷ் போட்ட யானைமுழிச் சங்கு எல்லாம் அடுக்கியிருப்பார். அது வாடகைக்கு ஆகும். அவர் சம்பாதித்தது தபாலில். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சிப்பி சேர்க்கிறவர்கள் இருந்தார்கள். தபால்தலை மாதிரியே அதற்கும் பட்டியல், தரம், விலை, பரிமாற்றம். மாமா எஸ்எஸ்எல்சி. ஆனால் அந்த லத்தீன் பெயர்களையெல்லாம் பத்தமடைப் பாயில் படுத்துக்கொண்டே மனப்பாடமாகச் சொல்லுவார்.

பள்ளிக்கூடம் விட்டதும் என் வேலை முற்றத்தில். உயிரோடு வந்த சிப்பியை மணலில் புதைத்து எறும்புக்கு விட வேண்டும். சிலதை வேகவைத்து வளைந்த கம்பியால் சதையைச் சுழற்றி எடுக்க வேண்டும். பாதியில் அறுந்து உள்ளே தங்கிவிட்டால் ஒரு வாரத்துக்குக் கடையில் ஆள் நிற்க முடியாது. பிறகு சோடாத்தண்ணீர், பல்தேய்க்கும் பிரஷ், வெயில், கடைசியில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய். சிறியதைத் தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்துப் பொதிந்து மாமா கையெழுத்தில் பெயர்ச்சீட்டு. உதடு ஒரு நூலளவு உடைந்திருந்தாலும் வெளிநாட்டுக்காரன் திருப்பி அனுப்பிவிடுவான்.

சரக்கு வருவது திரேஸ்புரத்திலிருந்து. சங்குகுளிக்கப் போகிறவர்களும் சிங்கி இறால் வலை போடுகிறவர்களும் கொண்டுவருவார்கள். சங்கைப் பொறுத்தவரை அவர்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டாம். வலம்புரி என்றால் என்ன, அது எத்தனை லட்சத்தில் ஒன்று, எந்தச் செட்டியார் வீட்டில் பூஜையில் இருக்கிறது, எல்லாம் தெரியும். சங்கு முழுக்கச் சர்க்கார் ஏகபோகம் என்பதால், அப்படி ஒன்று கையில் சிக்கினால் யார் காதிலும் விழாமல் அதை எங்கே கொண்டுபோக வேண்டும் என்பதும் தெரியும். மாமா அந்த வம்புக்குப் போனதில்லை. (வலம்புரியில் ஏமாறுகிறவர் விற்பவரல்ல, வாங்குபவர். அமெரிக்காவின் புளோரிடா, மெக்சிகோ வளைகுடாக் கரையில் ஒரு சங்கு இருக்கிறது. அதன் சாதி மொத்தமும் அப்படித்தான் திரும்பியிருக்கும். அங்கே அது மணலில் கிடக்கிற சாதாரணச் சரக்கு. அதைக் கழுவிக் குங்குமம் வைத்து இங்கே லட்சுமி கடாட்சம் என்று இன்றைக்கும் விற்கிறார்கள்.)

அவர்களுக்குத் தெரியாதது வேறு ஒன்று. வலையைத் தட்டும்போது விழுகிற குப்பையில் ஒரு சின்னச் சங்கு இருக்கும். கீழே நீளமாக ஒரு மூக்கு, உச்சியில் ஒரு குமிழ். எங்கள் கடையில் அதற்கு மூக்குச்சங்கு என்று பெயர் வைத்திருந்தோம். பட்டியலில் டூடிக்லா ஸ்பைரில்லஸ். லின்னேயஸ் காலத்திலேயே பெயர் பெற்றுவிட்ட சங்கு. தென்னிந்தியாவும் இலங்கையும் சேர்ந்த இந்தக் கடலைவிட்டால் உலகத்தில் வேறெங்கும் அது கிடையாது. அதனால்தான் வெளிநாட்டில் அதற்குக் கிராக்கி. இங்கே கிடைப்பதால்தான் இங்கே அதற்கு மதிப்பில்லை. திரேஸ்புரத்துப் பிள்ளைகள் அதை வைத்துச் செப்பு விளையாடும்.

மாமா ஒன்றுக்கு இருபத்தைந்து பைசா கொடுத்தார். குப்பைக்குக் காசு கொடுக்கிற அண்ணாச்சி என்று அவரைக் கொஞ்சம் கிறுக்காகவே பார்த்தார்கள். வெளிநாட்டுப் பட்டியலில் பழுதில்லாததற்கு இரண்டு டாலர். அப்போது டாலருக்கு நான்கு ரூபாய் எழுபத்தாறு பைசா. தபால்செலவு, உடைசல், ஆறு மாதம் கழித்து வருகிற பணம், வராமலே போகிற பணம் எல்லாவற்றையும் கழித்தாலும் லாபம்தான். இதில் தவறு இருப்பதாக எனக்கு அப்போது தோன்றவில்லை. பிறகு 1966 ஜூன் 6ஆம் தேதி ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். டாலர் ஏழரை ரூபாய். ஒன்பதரை ரூபாய்ச் சங்கு ஒரே ராத்திரியில் பதினைந்து ரூபாய்ச் சங்கு. மாமா அன்று கடையைச் சாத்திவிட்டு எங்களுக்கெல்லாம் மக்ரூன் வாங்கி வந்தார். அரிசி விலையும் மண்ணெண்ணெய் விலையும் ஏறின. மூக்குச்சங்குக்கு மட்டும் அதே இருபத்தைந்து பைசா.

தாத்தா மக்ரூன் தின்றுகொண்டே விசாரணையை ஆரம்பித்தார். “அவனுக்குத் தெரியாதுங்கறது உனக்குத் தெரியும்லா?”

மாமாவிடம் பதில் தயாராக இருந்தது. விலை சங்கிலா இருக்கிறது, என் தலையில் இருக்கிறது என்றார். பெயர் கண்டுபிடித்தது யார்? கடிதம் எழுதியது யார்? எறும்புப் புற்றில் வைத்து நாற்றத்தைத் தாங்கியது யார்? “நான் இல்லேன்னா அது குப்பை. குப்பைய வாங்கித்தான் விலையாக்குதேன்.” இந்த வாதத்தை நான் லேசில் தள்ள மாட்டேன். ஒன்று சொல்கிறேன்: தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி 1980களில் ஒரு தேய்ந்த செப்புக்காசில் ‘பெருவழுதி’ என்ற தமிழ்ப் பிராமி எழுத்தைப் படித்தார். சங்ககாலப் பாண்டியர் பெயர் பொறித்த காசு வெளிச்சத்துக்கு வந்தது. படிக்கிறவர் கையில் சேரும் வரை அது எடைக்குப் போகிற செம்பு. அறிவுக்குக் கூலி உண்டு. மாமாவின் லத்தீனுக்கும் உண்டு. கூலி எவ்வளவு என்பதில்தான் தகராறு. அந்தத் தலைக்குள் இருந்த சரக்கின் விலை ஜூன் 5க்கும் 6க்கும் நடுவில் ஐந்தரை ரூபாய் ஏறவில்லையே.

நஷ்டம் வந்தால் யார் பொறுப்பு என்றும் மாமா கேட்டார். அதுவும் நியாயமான கேள்விதான். ‘கடல்களின் மகிமை’ என்று வெளிநாட்டார் கொண்டாடிய கூம்புச்சிப்பி உலகம் முழுக்கச் சில டஜன்தான் இருக்கிறது என்று இருநூறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1969இல் சாலமன் தீவுகள் பக்கம் மூழ்கியவர்களுக்கு அது நூற்றுக்கும் மேல் கிடைத்தது; விலை விழுந்தது. வாங்கி வைத்திருந்தவன் தலையில் துண்டு.

தாத்தா சட்டத்துக்குப் போனார். 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 17ஆம் பிரிவு. பேசாமல் இருப்பது மட்டும் மோசடியாகாது. அதற்கு ஓர் உதாரணமும் சட்டத்திலேயே இருக்கிறது: இரண்டு வியாபாரிகள் ஒப்பந்தம் செய்கிறார்கள், விலை மாறிவிட்டது என்று ஒருவனுக்கு மட்டும் தனியாகச் செய்தி வந்திருக்கிறது, அதை அடுத்தவனிடம் சொல்ல அவன் கடமைப்பட்டவனல்ல. மாமா வெற்றிச் சிரிப்புச் சிரித்தார். “அப்போ கேஸு என் பக்கம்.”

“ரெண்டு பேரும் வியாபாரின்னு போட்டிருக்கான்லே,” என்றார் தாத்தா. “திரேஸ்புரத்து ஆச்சி வியாபாரியா?”

அந்த ஆச்சியைச் சொல்ல வேண்டும். அவர் வீட்டுக்காரர் பேர்போன சங்குகுளி. முத்துக்குளிப்புக்கும் போனவர். ஆழத்து அழுத்தம் வருஷக்கணக்கில் தாக்கி இரண்டு காதும் மந்தம். ஐப்பசி, கார்த்திகையில் கடல் கலங்கி உள்ளே ஒன்றும் தெரியாது; தோணி இறங்காது. அந்த மாதங்களில்தான் ஆச்சி ஓலைக்கொட்டானில் எதையாவது கட்டிக்கொண்டு கடைக்கு வருவார். விலை பேச வருகிறவரின் நடை இல்லை அது. அடகுக்கடைக்குப் போகிறவரின் நடை. பிள்ளைக்குக் காய்ச்சலாக இருக்கும், அல்லது வட்டிக்காரன் வந்து போயிருப்பான். அன்றைக்கு என்ன தேவையோ அதுதான் அவர் கேட்கிற விலை. பொருளுக்கும் விலைக்கும் சம்பந்தமே இருக்காது.

ஒரு மழைநாளில் பதினெட்டு மூக்குச்சங்கு கொண்டுவந்தார். ஒன்றிலும் பழுதில்லை. ஐந்து ரூபாய் கேட்டார். தாத்தாவின் கேள்வி மாமாவை எங்கோ தைத்திருக்க வேண்டும். பேரமே பேசாமல், “இருபது ரூவா தாறேன், ஆச்சி” என்றார்.

ஆச்சி மாமாவைப் பார்த்தார். கொட்டானைப் பார்த்தார். மெதுவாக அதன் வாயை மூடிக்கொண்டார். “வீட்ல கேட்டுட்டு வாறேன், அண்ணாச்சி.” அன்று சாயங்காலம் அத்தனையையும் வேறொரு கடையில் எட்டு ரூபாய்க்குக் கொடுத்துவிட்டார். பேரம் பேசாத அண்ணாச்சியைவிட, பேரம் பேசி மூன்று ரூபாய் ஏற்றிக்கொடுத்த கடைக்காரரை அவரால் நம்ப முடிந்தது. அதில் தப்பென்ன? கேட்டதற்கு நாலு மடங்கு ஒருவன் கொடுக்க வந்தால், அது நாற்பது மடங்கு பெறும் பொருள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆச்சியின் சந்தேகம் முக்கால்வாசி சரியும்கூட.

மாமா ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. பிறகு வேறு வழி கண்டுபிடித்தார். கடையில் பழையபடி பேரம் பேசுவார். பாதி விலையிலிருந்து இழுபறி நடக்கும். அதே சொற்பத்துக்கு முடிப்பார். ஆனால் யாரிடம் என்ன வாங்கினோம், எத்தனைக்குப் போயிற்று என்று சிவப்பு அட்டைக் கணக்குநோட்டில் எழுதி வைத்தார். ஆகஸ்ட் 5, பனிமய மாதா கோவில் திருவிழாவுக்கு முன்னால் ஆச்சி வீட்டுக்கு ஒரு புடவை, ஒரு வேட்டி, நூறு ரூபாய். கிறிஸ்துமஸுக்கு அரிசி. ஆச்சி கண் கலங்கி, மாமாவின் பிள்ளைகுட்டிகளையெல்லாம் மாதாவிடம் ஒப்படைத்தார். திரேஸ்புரத்தில் மாமாவுக்கு நல்ல பேர். தாத்தாவும் திருப்திப்பட்டு வழக்கை முடித்துக்கொண்டார்.

எனக்கு அந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. அந்த வயதில் ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. அந்த நூறு ரூபாய் அவருடைய பணம். அதற்கு அவர் ஏன் நன்றி சொல்ல வேண்டும்? விலையாக வந்திருந்தால் ஆச்சி அதை இடுப்பில் செருகிக்கொண்டு நிமிர்ந்து போயிருப்பார். கொடையாக வந்ததால் கும்பிட்டார். அதைவிட முக்கியம், அடுத்த ஐப்பசியில் கொட்டானோடு வரும்போதும் அவருக்கு விலை தெரியாது. மாமா நல்லவராக இருக்கும் வரைக்கும்தான் அவருக்கு நியாயம். வேறு கடைக்குப் போனால் அதுவும் இல்லை. நம் நாட்டில் 1994இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, ஓர் ஓவியத்தின் மறுவிற்பனை விலை பத்தாயிரம் ரூபாயைத் தாண்டினால் வரைந்தவருக்கும் ஒரு பங்கு, அதிகபட்சம் பத்து சதவீதம் வரை, உண்டு என்று எழுதினார்கள். அதைப் படித்தபோது மாமாவின் சிவப்பு நோட்டு ஞாபகம் வந்தது. சட்டம் அதை உரிமை என்கிறது. மாமாவிடம் அது தர்மமாக இருந்தது. ஓவியருக்கு உள்ளது மூழ்கி எடுத்தவருக்கு இல்லை என்பது வேறு கதை.

பள்ளிக்கூடத்தில் தமிழய்யா பட்டினப்பாலை நடத்தினார். காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள் கொள்வதிலும் கொடுப்பதிலும் நடுவுநிலை தவறாதவர்கள் என்றார். விற்க வந்தவனுக்கு விலை தெரியாவிட்டால் நடுவு எது ஐயா என்று கேட்டேன். பரீட்சைக்கு அது வராது என்று சொல்லிவிட்டார்.

ஆச்சியின் பேரன் என்னோடு படித்தான். கணக்குப் போட எங்கள் வீட்டுக்கு வருவான். ஒருநாள் மேஜைமேல் கிடந்த வெளிநாட்டு விலைப்பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தவன், மூக்குச்சங்கின் படத்தைப் பார்த்துவிட்டு, “இது எங்க வீட்டுச் சங்குலா, பக்கத்துல என்ன எழுதியிருக்கு?” என்றான். படித்துச் சொன்னேன். டாலரை ரூபாயாக்கும் கணக்கை அவனே போட்டான். என்னைவிட அவனுக்குப் பெருக்கல் நன்றாக வரும்.

மறுநாள் காலை தாத்தாவே வந்துவிட்டார், அவனுடைய தாத்தா. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பேரனை முன்னால் விட்டு, கடைப்படியில் ஏறி உட்கார்ந்தார். கோபம் தெரியவில்லை. ஒரு மூக்குச்சங்கை எடுத்து மேஜைமேல் வைத்து, “இதுக்கு அங்க என்ன விலை, அண்ணாச்சி?” என்றார்.

மாமா தணிந்த குரலில் என்னமோ சொன்னார். அவருக்குக் கேட்கவில்லை. கையைக் காதுக்கு மடித்து வைத்துக்கொண்டார். மாமா கொஞ்சம் உரக்கச் சொன்னார். அதுவும் எட்டவில்லை. கடைசியில் மாமா தொண்டையைத் திறந்து, “பதினஞ்சு ரூவா!” என்று கத்த வேண்டியதாயிற்று. எதிர்க்கடை ஐஸ் வியாபாரி, சைக்கிள் கடைப் பையன், தண்ணீர்க் குழாயடியில் நின்ற பெண்கள், எல்லோருக்கும் கேட்டது. துண்டுக்குள் விரல் பிடித்து விலை சொல்கிற ஊரில் ஒரு விலை இப்படி வெட்டவெளியில் வந்து விழுந்தது. நான் முற்றத்துக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலத்துக்குள் திரேஸ்புரம் முழுக்கத் தெரிந்துவிட்டது. அடுத்த மாதம் கடையில் ரகளை. உடைந்தது, புழு அரித்தது, சாதாரண முட்சங்கு, எல்லாவற்றுக்கும் பதினைந்து ரூபாய் கேட்டார்கள். பழுதில்லாதது ஏன் வேறு என்று ஒவ்வொருவருக்கும் காட்டிக்காட்டி மாமாவுக்கு வாய் வலித்தது. சிலர் கோபித்துக்கொண்டு சரக்கைப் பெரிய கடைகளுக்கு மொத்தமாக அள்ளிக் கொடுத்தார்கள். மாமாவின் லாபம் பாதியாகக் குறைந்திருக்கும். என்னிடம் அவர் இரண்டு மாதம் முகம் கொடுக்கவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கு வருத்தமும் இல்லை.

கடைசியில் ஒரு சிலேட்டு வாங்கி வாசலில் மாட்டினார். மூக்குச்சங்கு, பழுதில்லாதது, நான்கு ரூபாய். உதடு உடைந்தது எட்டணா. இன்ன சோழி இவ்வளவு. கீழே டாலர் விலை. பதினைந்தில் நான்குதானா என்று இன்றைக்கு யாராவது கேட்கலாம். எறும்பு, பஞ்சு, தபால், உடைசல், லத்தீன் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் மாமா அந்த நான்கை எழுதினார். ஐந்து கேட்டுச் சண்டை போட்டவர்களுக்கு ஐந்தும் கொடுத்தார். அது பேரம். இரண்டு பக்கமும் ஒரே பட்டியலைப் பார்த்துக்கொண்டு பேசுகிற பேரம். ஆச்சி இப்போது கொட்டானைத் தரையில் வைத்துவிட்டு, சிலேட்டைப் பேரனைப் படிக்கச் சொல்லி, எண்ணி வாங்கிக்கொண்டு போனார். அந்த வருஷத் திருவிழாவுக்கு மாமா புடவை அனுப்பவில்லை. ஆச்சியும் எதிர்பார்க்கவில்லை.

அந்தச் சங்கு இப்போது யாருக்கும் விற்பனைக்கில்லை. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல் தேசியப் பூங்கா வந்தது. 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் உள்ள அதே அட்டவணையில், டூடிக்லா ஸ்பைரில்லஸையும் சேர்த்தார்கள். விற்றால் சிறை. மலிவா கிராக்கியா என்ற எங்கள் வீட்டுச் சண்டையில் சங்கின் பக்கத்தை ஒருவரும் பேசியதில்லை. விலை ஏறியதும் திரேஸ்புரத்துப் பிள்ளைகள் விளையாட்டை விட்டுவிட்டுக் குப்பையைச் சலித்துச் சலித்து எடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். விற்கிறவனுக்கு நியாயமான விலை, சங்குக்குக் கெட்ட காலம்.

ஆனால் அந்தக் காலையில் விலையைக் கத்திச் சொன்னபிறகு நடந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பதினைந்து ரூபாய் என்று கேட்டதும் கிழவர் சத்தம் போடுவார் என்று மாமா எதிர்பார்த்தார். அவர் சிரித்தார். இத்தனை வருஷம் மிதித்துப் போட்ட மூக்குச்சங்கையெல்லாம் மனசுக்குள் எண்ணினாரோ என்னவோ, கொஞ்ச நேரம் விரலை மடக்கிக்கொண்டிருந்தார். பிறகு அந்தச் சின்னச் சங்கை ஒதுக்கிவிட்டு, அலமாரியிலிருந்த ஒரு சாதாரணப் பால்சங்கைக் காட்டினார். பருவத்துக்கு ஆயிரக்கணக்கில் அவர் கையால் எடுத்தது. அளவுப் பலகையின் துளையில் போட்டுப் பார்த்து, சிறியதென்றால் கடலுக்கே திருப்பிவிட்டு, சர்க்கார் கிட்டங்கியில் எண்ணிக் கொடுத்து, ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கியது. அங்கிருந்து கல்கத்தாவுக்குப் போய், அறுத்து வளையலாகி, வங்காளத்துக் கல்யாணப் பெண்கள் கையில் ஏறுகிறது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

“இது கல்கத்தால என்ன விலை, அண்ணாச்சி?”

மாமாவுக்குத் தெரியவில்லை. அவருடைய பட்டியல் எதிலும் அது இல்லை. தெரியாது என்று கையை விரித்தார்; அதற்குக் கத்த வேண்டியிருக்கவில்லை. கிழவர் எழுந்திருக்கவில்லை. மாமா மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு போஸ்ட்கார்டை எடுத்தார். சங்கு வளையல் அறுக்கிற யாருக்காவது எழுதிக் கேட்கலாம், விலாசம்தான் வேண்டும் என்றார். விலாசத்தைத் துறைமுகத்துக் கல்கத்தாக் கப்பல் ஆட்களிடம் கேட்டு வாங்கிவர என்னைத்தான் அனுப்பினார்கள்.